உயிரியலில் இளநிலைப் பட்டம்: எந்தப் பிரிவு, யாருக்கு?

உயிரியல் சார்ந்த இளநிலைப் பட்டங்களின் பட்டியலை ஒரு பெரிய பல்கலைக்கழகம் வெளியிடும்போது அதில் பத்துப் பெயர்களாவது இருக்கும். பொது உயிரியல், தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மரபியல், உயிர்த்தொழில்நுட்பவியல், சூழலியல், கடல்சார் உயிரியல், உயிர்தகவலியல், உயிர்மருத்துவ அறிவியல் என்று அது நீளும். சேரப்போகும் மாணவருக்கு இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற துறைகளாகத் தோன்றுவது இயல்பு. பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் ஆண்டின் பெரும்பகுதி எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பது தெரியும். உயிரணுவின் அமைப்பு, மரபியலின் அடிப்படை, பரிணாமம், உயிர்மூலக்கூறுகள் ஆகியவற்றை எந்தப் பிரிவும் தவிர்ப்பதில்லை. பிரிவுகளுக்கிடையேயான வேறுபாடு இரண்டாம் ஆண்டில்தான் துலங்கத் தொடங்குகிறது. அதுவும் எதைக் கற்பிக்கிறார்கள் என்பதைக் காட்டிலும் எதைக் கற்பிக்காமல் விடுகிறார்கள் என்பதிலேயே கூடுதலாகத் தெரிகிறது. ஆகவே இங்கு ஒவ்வொரு பட்டத்தையும் இரண்டு கேள்விகளால் அளக்கலாம்: அது மட்டுமே தரக்கூடியது எது, அது விட்டுவிடுவதைப் பின்னாளில் ஈடுகட்டுவது எவ்வளவு கடினம்.

ஒப்பீடு குழப்பமாவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் பெயர்கள் ஒரே அளவுகோலால் பிரிக்கப்பட்டவை அல்ல. தாவரவியலும் விலங்கியலும் நுண்ணுயிரியலும் எந்த உயிரை ஆராய்கிறோம் என்பதை வைத்துப் பிரிந்தவை. உயிர்வேதியியலும் மரபியலும் சூழலியலும் எந்த மட்டத்தில் நின்று கேள்வி கேட்கிறோம் என்பதை வைத்துப் பிரிந்தவை. உயிர்த்தொழில்நுட்பவியலும் உயிர்மருத்துவ அறிவியலும் எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதை வைத்துப் பிரிந்தவை. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதை ஆராய விரும்பும் ஒருவர் தாவரவியலிலும் சேரலாம், நுண்ணுயிரியலிலும் சேரலாம், அந்த வினையை நடத்தும் நொதியின் வழியாக உயிர்வேதியியலிலும் நுழையலாம். எனவே ஆர்வம் எந்தப் பொருளில் என்பதோடு, அதைப் பற்றி எவ்வகைக் கேள்வி கேட்கத் தோன்றுகிறது என்பதையும் மாணவர் தமக்குத்தாமே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பொது உயிரியல் பட்டத்தைப் பலர் முடிவெடுக்க முடியாதவர்களின் புகலிடமாகக் கருதுகிறார்கள். இந்தக் கருத்தை நான் ஏற்பதில்லை. பள்ளிப் பருவத்தில் ஒருவர் அறிந்திருக்கும் உயிரியல் மிகக் குறுகியது. நோயெதிர்ப்பியலையோ விலங்கு நடத்தையியலையோ வளர்ச்சி உயிரியலையோ முறையாகச் சந்திக்காத நிலையில் அவற்றை ஒதுக்கிவிடுவது, பார்க்காத பொருளை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒப்பானது. பொதுப் பட்டம் அந்த முடிவை ஒன்றிரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட அனுமதிக்கிறது. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. விருப்பப்பாடங்களை நேர அட்டவணைக்கு வசதியாக அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுப்பவர், படிப்பு முடியும்போது எல்லாவற்றின் முன்னுரையையும் அறிந்தவராகவும் எதிலும் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டாதவராகவும் நின்றுவிடுவார். இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தை எடுத்தால் அதன் தொடர்ச்சியை மூன்றாம் ஆண்டில் எடுப்பது, குறைந்தது ஒரு துறையிலாவது இறுதியாண்டு ஆய்வுத்திட்டம் வரை செல்வது என்ற கட்டுப்பாட்டைத் தமக்குத்தாமே விதித்துக்கொள்பவருக்கே இந்தப் பட்டம் பொருந்தும்.

தாவரவியலும் விலங்கியலும் இன்று பல இடங்களில் மதிப்புக் குறைந்தவையாகப் பேசப்படுகின்றன. சில பல்கலைக்கழகங்கள் அவற்றை ஒரே துறையாக இணைத்தும்விட்டன. ஆயினும் முழு உயிரினத்தை, அதன் உருவம், உள்ளமைப்பு, இயக்கம், உறவுமுறை, வாழிடம் ஆகிய எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கப் பழக்குபவை இந்த இரண்டு பட்டங்களே. அடிப்படைக் கண்டுபிடிப்புகள் பலவும் இவ்வகைப் பரிச்சயத்திலிருந்து வந்தவை. மரபணுக்கள் இடம்பெயரக்கூடும் என்பதை பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தை ஆராய்ந்துதான் கண்டறிந்தார். அதற்கான நோபல் பரிசு 1983இல் அவருக்கு வழங்கப்பட்டது. நரம்பில் மின்துடிப்பு எவ்வாறு பாய்கிறது என்பதை 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் விளக்க முடிந்ததற்கு, கணவாயின் உடலில் அளவிடத்தக்க பருமனுள்ள நரம்பிழை ஒன்று இருந்தது காரணம். வைரஸ் என்ற ஒன்று இருப்பதே 1890களில் புகையிலைச் செடியின் தேமல் நோயை ஆராய்ந்தபோதுதான் வெளிப்பட்டது. எந்த உயிரினத்தில் எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று அறிவதற்கு உயிரினங்களை அறிந்திருக்க வேண்டும்.

நடைமுறைப் பயனும் குறைவானதல்ல. ஒரு செடியையோ பூச்சியையோ களத்தில் பார்த்து இனம் காணத் தெரிந்தவர்கள் அருகிவரும் நிலையில், சுற்றுச்சூழல் மதிப்பீடு, பூச்சிக் கட்டுப்பாடு, விதை ஆய்வு, அருங்காட்சியகப் பணி, காட்டுயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அந்தத் திறமை தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டங்களின் தரம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வெகுவாக மாறுபடுகிறது. தாவரவியல் பாடத்திட்டத்தின் தரத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. வகைப்பாட்டியல் பகுதியில் 1862 முதல் 1883 வரை வெளிவந்த பெந்தம்–ஹூக்கர் முறை மட்டும் இருக்கிறதா, அல்லது டி.என்.ஏ. ஒப்பீட்டின் அடிப்படையில் 1998இல் முன்வைக்கப்பட்டு 2016இல் நான்காம் பதிப்பை எட்டிய ஏ.பி.ஜி. வகைப்பாடும் கற்பிக்கப்படுகிறதா என்று பார்க்கலாம். பழையதைக் கற்பிப்பதில் தவறில்லை. உலர்த்திய செடிகளைச் சேமித்து வைக்கும் உலர்தாவரகங்கள் பலவற்றில் மாதிரிகள் இன்னும் அந்த வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. பழையதோடு நின்றுவிட்டால் மட்டுமே அது எச்சரிக்கை. விலங்கியலில் அதற்கு இணையான அடையாளம், தொகுதிக்கு ஒன்றாக விலங்குகளை மனப்பாடம் செய்வதற்கு அப்பால் உடலியங்கியல், பரிணாமம், நடத்தையியல் ஆகியவற்றுக்கு எத்தனை தாள்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பது. விலங்கு நடத்தையை ஆராய்ந்த ஃபிரிஷ், லோரன்ஸ், டின்பெர்கன் மூவருக்கும் 1973இல் நோபல் பரிசு கிடைத்து அரைநூற்றாண்டு கடந்த பின்னும் அத்துறையை ஓர் அலகில் முடித்துவிடும் பாடத்திட்டங்கள் உள்ளன. விலங்குகளை அறுத்துப் பார்ப்பதில் மனத்தடை உள்ளவர்கள், அது கட்டாயமா, மாற்று வழி உண்டா என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

நுண்ணுயிரியலின் தனிச்சிறப்பு கைத்திறன். கிருமிநீக்கிய சூழலில் பிழையின்றி வேலை செய்வது, வளர்ப்பூடகம் தயாரிப்பது, தனிக் குடியமைப்புகளைப் பிரித்தெடுப்பது, பாக்டீரியாக்களை நிறத்தால் வகைபிரிக்க 1884 முதல் புழக்கத்தில் உள்ள கிராம் சாயமேற்றல் தொடங்கி மரபணு வரிசையைக் கொண்டு இனம் காண்பது வரையிலான முறைகள் ஆகியவை ஒருவர் கைக்குப் பழகிவிட்டால் உணவு, குடிநீர், மருந்து உற்பத்தி என எந்தத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்திலும் உடனே பயன்படும். இன்னொரு நன்மையைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. சாதகமான சூழலில் ஈ. கோலை பாக்டீரியா 20 நிமிடங்களில் இரட்டிப்பதால், ஒரு பருவத்துக்குள் இளநிலை மாணவர் ஒருவரே கேள்வி எழுப்பி, சோதித்து, தோற்று, திருத்தி, மீண்டும் சோதித்து முடிக்கலாம். ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் தொடங்கிய சோதனையில் அதே பாக்டீரியா 70,000 தலைமுறைகளுக்கு மேல் கடந்திருக்கிறது. யானையையோ ஆலமரத்தையோ வைத்து அப்படி ஒரு பரிணாமச் சோதனையை எண்ணிப் பார்க்கவும் முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மருத்துவமனை ஆய்வகத்தில் நோயறியும் பணிக்குத் தனியான தொழில்முறைப் பதிவையோ பயிற்சிச் சான்றையோ கேட்கும் நாடுகள் பல. அங்கே நுண்ணுயிரியல் பட்டம் மட்டும் போதாது. மேலும், பாடத்திட்டம் நோய்க்கிருமிகளோடு நின்றுவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் பாக்டீரியாவிலிருந்து வேறான ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களின் தனிப்பெரும் பிரிவை அடையாளம் காட்டிய பிறகு நுண்ணுயிரியலின் பரப்பே மாறிவிட்டது. மண்ணிலும் கடலிலும் உள்ள நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவற்றை இன்னும் ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. இதைப் பற்றிப் பேசாத பாடத்திட்டம் துறையின் ஒரு மூலையை மட்டுமே காட்டுகிறது.

உயிர்வேதியியலை நான் இந்தப் பட்டியலில் மிக உறுதியான அடித்தளம் என்று மதிப்பிடுகிறேன். ஆனால் எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கரிம வேதியியல், வெப்ப இயக்கவியல், 1913இல் மிக்கேலிஸும் மென்டனும் வகுத்த சமன்பாட்டிலிருந்து தொடங்கும் நொதி இயக்கவியல், புரதக் கட்டமைப்பு என்று இதன் பாதை நேராகவும் செங்குத்தாகவும் ஏறுகிறது. இப்படிக் கற்ற வேதியியல் பிறகு மருந்தியல், நோயெதிர்ப்பியல், நரம்பியல், மூலக்கூறு உயிரியல் என எங்கு சென்றாலும் உடன்வரும். சூழலியலிலிருந்து உயிர்வேதியியலுக்கு மாற முயல்பவர் விடுபட்ட வேதியியலைத் தனியே உட்கார்ந்து படித்து ஈடுசெய்வது மிகக் கடினம். எதிர்த்திசையில் செல்பவருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. இதற்கு விலையும் உண்டு. முழு உயிரினம் ஒன்றைக்கூட கவனித்துப் பாராமல் இந்தப் பட்டத்தை முடித்துவிட முடியும். பள்ளியில் உயிரியலை விரும்பியதே வேதியியலிலிருந்து தப்புவதற்காகத்தான் என்றால் இந்தப் பக்கம் வரவேண்டாம். அதே பெயருள்ள பட்டம் வேதியியல் துறையில் நடக்கிறதா, மருத்துவப் புலத்தில் நடக்கிறதா, உயிரியல் துறையில் நடக்கிறதா என்பதைப் பொறுத்தும் அதன் உள்ளடக்கம் மாறும். முதலாவதில் கணக்கும் இயற்வேதியியலும் மிகும், இரண்டாவதில் மனித வளர்சிதைமாற்றமும் நோய்களும் மிகும்.

மரபியல் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் தனிப் பட்டமாக இருப்பதில்லை. இருக்கும் இடங்களில் அது தருக்க ஒழுங்கும் நிகழ்தகவுக் கணக்கும் பிடித்தவர்களுக்கு நிறைவளிக்கும். இல்லாத இடங்களில் உயிர்வேதியியலோ பொது உயிரியலோ படித்து முதுநிலையில் மரபியலுக்குச் செல்வதில் இழப்பு எதுவும் இல்லை.

விளம்பரத்தில் மிகுந்து ஒலிக்கும் பெயர் உயிர்த்தொழில்நுட்பவியல். ஆகவே அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதன் ஈர்ப்புக்கு நியாயமான காரணம் உண்டு. 1978இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் உருவாக்கப்பட்டு 1982இல் மருந்தாக அனுமதி பெற்றதும், மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறை 2012இல் விளக்கப்பட்டு 2020இல் எமானுவேல் ஷார்பென்டியருக்கும் ஜெனிஃபர் டவுட்னாவுக்கும் நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததும் யாரையும் கவரக்கூடியவை. ஆனால் இவற்றைச் செய்தவர்கள் உயிர்த்தொழில்நுட்பவியல் என்ற இளநிலைப் பட்டத்திலிருந்து வந்தவர்கள் அல்லர்; வேதியியலையும் உயிர்வேதியியலையும் நுண்ணுயிரியலையும் ஆழமாகப் படித்தவர்கள். பயன்பாட்டை மையமாகக் கொண்ட பட்டம் பல துறைகளிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால் கற்பவருக்கு முறைகள் தெரிந்திருக்கும். அந்த முறை தவறும்போது ஏன் தவறுகிறது என்று ஆராய வேண்டிய அடிப்படை சில சமயம் விடுபட்டிருக்கும். முறைகளோ விரைவில் பழையதாகிவிடுகின்றன. ஃபிரெடெரிக் சேங்கர் 1977இல் வெளியிட்ட டி.என்.ஏ. வரிசையறியும் முறை மனித மரபணுத்தொகுதித் திட்டம் வரை கோலோச்சியது. 2005க்குப் பின் வந்த புதிய கருவிகள் பெரிய அளவிலான வேலைகளை அதனிடமிருந்து பறித்துக்கொண்டன. வேதியியலைப் புரிந்துகொண்டவருக்கு அந்த மாற்றம் ஒரு மாதப் பயிற்சி. கருவியின் பொத்தான்களை மட்டும் கற்றவருக்கு அது புதிய படிப்பு.

இன்னொரு சிக்கல் செலவு சார்ந்தது. நொதிகளும் வேதிப்பொருள்களும் விலை உயர்ந்தவை என்பதால், வசதி குறைந்த துறைகளில் டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையை ஆசிரியர் ஒருமுறை செய்து காட்ட, மாணவர் கூட்டம் சுற்றி நின்று பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதே செய்முறை வகுப்பாகிவிடுகிறது. அத்தகைய இடத்தில் இந்தப் பட்டத்தைவிட, அதே வளாகத்தில் உள்ள நல்ல நுண்ணுயிரியல் துறை எவ்வளவோ மேல். மாறாக, ஒவ்வொரு மாணவரும் தாமே சோதனையை அமைத்துச் செய்யும் ஆய்வகமும் தொழிற்சாலையில் ஒரு பருவப் பயிற்சியும் உறுதியாகக் கிடைக்கும் இடத்தில் உயிர்த்தொழில்நுட்பவியல் சிறந்த தேர்வாக இருக்கும். அறிவியல் புலத்தில் நடக்கும் பட்டமும் பொறியியல் புலத்தில் நடக்கும் பட்டமும் இந்த ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வதையும் கவனிக்க வேண்டும். பின்னதில் பாய்ம இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், நுண்ணுயிர்களைப் பேரளவில் வளர்க்கும் நொதிகலத்தின் வடிவமைப்பு ஆகியவை நடுநாயகமாக இருக்கும். உயிரியலை எதிர்பார்த்துச் சென்றவர் அங்கே கணக்கோடு போராட நேரும்.

கணக்கைப் பற்றிய தவறான நம்பிக்கை சூழலியலைத்தான் அதிகம் சுற்றி நிற்கிறது. காட்டிலும் கடற்கரையிலும் நடந்து திரியும் படிப்பு என்று எண்ணிச் சேருபவர்கள், இரண்டாம் ஆண்டில் உயிரித்தொகைகளின் வளர்ச்சிச் சமன்பாடுகளையும் மாதிரியெடுப்புக் கோட்பாட்டையும் சந்தித்துத் திகைக்கிறார்கள். உயிரியலின் பிரிவுகளில் புள்ளியியலை அதிகம் நம்பியிருப்பவற்றில் இதுவும் ஒன்று, ஏனெனில் களத்தில் எதையும் ஆய்வகத்தைப் போலக் கட்டுப்படுத்த முடியாது. அதை ஏற்றுக்கொள்பவருக்குச் சூழலியல் தரும் பயிற்சி அரியது: சீரற்ற, முழுமையற்ற தரவிலிருந்து நேர்மையான முடிவை எடுக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் பொதுச் சுகாதாரம் முதல் காப்பீட்டுக் கணிப்பு வரை மதிக்கப்படுகிறது. கடல்சார் உயிரியல் இதன் ஒரு கிளை. திமிங்கிலங்களும் பவளப்பாறைகளும் அதன் முகப்பில் இருக்கும். அன்றாட வேலை பெரும்பாலும் மிதவையுயிரிகளை எண்ணுவதும் படிவுகளைச் சலிப்பதும் நீரின் வேதியியலை அளப்பதுமாக இருக்கும். கடலுக்கு அருகே சொந்த ஆய்வு நிலையமும் படகும் இல்லாத பல்கலைக்கழகத்தில் இந்தப் பட்டத்தை எடுப்பதைவிட, விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு முதுநிலையில் கடலுக்குச் செல்வது அறிவுடைமை.

உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் உயிர்தகவலியலின் முக்கியத்துவத்தை யாரும் மறுக்க முடியாது. 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் அரைநூற்றாண்டாகத் திரண்ட கட்டமைப்புகளைக் கொண்டுதான் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி அமைப்பு பயிற்றுவிக்கப்பட்டது. புரதங்களின் வடிவத்தை முன்கணித்த அந்தப் பணிக்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அளிக்கப்பட்டது. எனினும் இளநிலையிலேயே இதைத் தனிப் பட்டமாக எடுப்பது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. அரைக் கணினியியலும் அரை உயிரியலுமாக மூன்றாண்டுகள் படிப்பவர், முழுக் கணினியியல் படித்தவரோடும் முழு உயிரியல் படித்தவரோடும் ஒரே நேரத்தில் போட்டியிட நேர்கிறது. உயிரியல் பிரிவு ஒன்றை முதன்மையாகவும் கணினியியலையோ புள்ளியியலையோ துணைப்பாடமாகவும் எடுக்க வழியிருந்தால் அதுவே உறுதியான ஏற்பாடு.

உயிர்மருத்துவ அறிவியலைத் தேர்வுசெய்பவர்களில் ஒரு பகுதியினர் மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காதவர்கள் அல்லது பட்டம் முடித்து அதற்கு முயல நினைப்பவர்கள். உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல், மருந்தியல், நோயெதிர்ப்பியல் ஆகியவை ஒருங்கே கிடைப்பது இதன் பலம். ஆயினும் இந்தப் பட்டம் ஒருவரை மருத்துவராக்காது. மருத்துவ ஆய்வகப் பணிக்குத் தகுதி தருமா என்பதும் அந்தந்த நாட்டின் தொழில்முறை அமைப்பு அந்தக் குறிப்பிட்ட பாடத்திட்டத்தை அங்கீகரித்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மருத்துவ வாய்ப்பு கடைசி வரை வராமலே போனாலும் இந்தப் பாடங்களை விரும்பிப் படிப்பேனா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால் மட்டும் சேரலாம்.

பிரிவு எதுவாக இருந்தாலும் சில பாடங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். ஓராண்டாவது நீளும் வேதியியல், தரவைக் கையாளவும் கணினியில் பகுப்பாய்வு செய்யவும் கற்பிக்கும் புள்ளியியல், ஒரு பருவமாவது நீளும் சொந்த ஆய்வுத்திட்டம் ஆகிய மூன்றும் இல்லாத பட்டத்தை, அதன் பெயர் எவ்வளவு நவீனமாக இருந்தாலும், நான் தள்ளிவைப்பேன். புள்ளியியலை உயிரியலுக்கு வெளியிலிருந்து வந்த சுமையாக மாணவர்கள் நினைப்பது விந்தையானது. மாறுபாட்டுப் பகுப்பாய்வு போன்ற முறைகளை ரொனால்ட் ஃபிஷர் வளர்த்தெடுத்ததே ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், வயல் சோதனைகளின் முடிவுகளை விளங்கிக்கொள்வதற்காகத்தான். பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கையேட்டில் இந்த விவரங்கள் இருக்காது. துறை வெளியிடும் முழுப் பாடத்திட்டத்தை எடுத்து, இறுதியாண்டுத் தாள்களின் பெயர்களையும், வாரத்துக்கு எத்தனை மணி செய்முறை என்பதையும், களப்பயணம் கட்டாயமா விருப்பமா என்பதையும், கடந்த ஆண்டுகளில் மாணவர்கள் செய்த ஆய்வுத்திட்டங்களின் தலைப்புகளையும் படிக்க வேண்டும். அந்தத் தலைப்புகள் ஆண்டுதோறும் ஒன்றுபோலவே இருந்தால் அங்கே ஆராய்ச்சி உயிரோடு இல்லை என்று கொள்ளலாம்.

இரண்டு பட்டங்களுக்கிடையே கடைசிவரை தயங்குபவர், அவ்விரண்டின் கட்டாயப் பாடங்களை மட்டும் தனியே எழுதி, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை அடிக்கோடிட்டுப் பார்க்கலாம். அடிக்கோடிட்டவற்றில் வீட்டிலிருந்து நூல்களாலும் கணினியாலும் கற்றுக்கொள்ளக்கூடியவை எவை, ஆய்வகமும் ஆசிரியரும் இன்றிக் கற்க முடியாதவை எவை என்று பிரித்தால், இரண்டாம் வகை மிகுந்திருக்கும் பட்டமே எடுக்கத்தக்கது. கணினி மொழி ஒன்றைக் கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம். திசு வளர்ப்பையும் கரிமத் தொகுப்பையும் அப்படிக் கற்க இயலாது. இதன் பிறகும் ஐயம் நீடித்தால், முதலாண்டு முடிவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற விதி அனுமதிக்கிறதா, எந்த மதிப்பெண்ணும் எந்த முன்தேவைப் பாடமும் அதற்கு வேண்டும் என்பதைத் துறை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. பல இடங்களில் வேதியியல் மிகுந்த பட்டத்திலிருந்து வெளியே மாற அனுமதிப்பார்கள், உள்ளே வர அனுமதிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட விதி இருந்தால், தயக்கத்தில் இருப்பவர் முதலில் சேர வேண்டியது அந்தக் கடினமான பக்கத்தில்தான்.